டாக்டர் அறையில் மட்டும் நலமாயிருந்த அண்ணி

திருப்பதியிலிருந்து பிச்சாட்டூர் போகும் பேருந்தில் என் அண்ணி மொட்டைத் தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை அம்மாள், "தர்சனம் பாக ஜரிகிந்தா?" என்று கேட்டார். தரிசனம் நன்றாக நடந்ததா என்று. அண்ணி கொஞ்சமும் தயங்கவில்லை. "சால பாக ஜரிகிந்தி" என்றார். ரொம்ப நன்றாக நடந்ததாம். கூட்டமே இல்லையாம், சுவாமி கண் குளிரத் தெரிந்தாராம். நாங்கள் மலைப்பக்கமே போகவில்லை. முந்தின நாள் மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ ஊசி போட்டுக்கொண்ட அண்ணியை ஊருக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். புறங்கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அந்த அம்மாளுக்கு வைகுண்ட வாசலையே வர்ணித்துக்கொண்டிருந்தார். அம்மாள் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேறு எந்த ஊரிலும் ஒரு பெண் மொட்டைத் தலையோடு நடந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். திருப்பதியில் தலையில் முடி இருந்தால்தான் இன்னும் மலையேறவில்லையா என்று கேட்பார்கள். அண்ணிக்கு அதில் பெரிய நிம்மதி. "ஊருக்குப் போனா ஐயோ பாவம்னு அழுவுறாளுங்க. இங்க பாரு, என்னியவே கும்புட்டுக்கினு போறா" என்றார். அந்தப் பொய்யை நான் குறை சொல்லவில்லை. என் ஆத்திரமெல்லாம் அதே மாதிரிப் பதிலை அவர் டாக்டரிடமும் சொல்லிவந்ததில்தான்.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. பிச்சாட்டூர் அருகே எங்கள் ஊர். முந்தைய தலைமுறை வரை அடுத்தவர் நிலத்தில்தான் வேலை. அண்ணன்தான் முதலில் ஒரு துண்டு நிலம் வாங்கி வேர்க்கடலை போட்டார். அண்ணி ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய திருகாணிகளை எடுத்துப் பொருத்தும் வரிசையில் நின்றார். அந்தத் திருகாணியைக் கண்ணால் தேடக் கூடாது, விரல் நுனியே கண்டுபிடிக்க வேண்டும் என்பார். அவர் வரிசையில் அவரைவிட வேகமான விரல் கிடையாது என்று மேற்பார்வையாளரே சொன்னதை எத்தனை முறை எங்களுக்குச் சொல்லியிருப்பார்! நோய் என்று தெரிந்ததும் அவர் முதலில் கேட்டதும், எப்போது திரும்ப வேலைக்குப் போகலாம் என்றுதான்.

நான் திருப்பதியில் ஓர் அச்சகத்தில் நாட்காட்டிகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். தேதி தவறினால் எனக்குச் சோறு இறங்காது. அண்ணி என்னைத் 'தேதிக்காரரே' என்று கூப்பிடுவது அதனால்தான். அண்ணன் நிலத்தை விட்டு வர முடியாததால், மருத்துவமனைக்குக் கூடப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. ஐப்பசியில் அறுவை சிகிச்சை, கார்த்திகையில் முதல் ஊசி. அது வெள்ளிக்கிழமை என்று அண்ணன் இன்றும் சாதிக்கிறார். வியாழன்தான்.

முதல் நான்கு ஊசியும் சிவப்பு நிற மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று. ஊசிக்கு முந்தின இரவும் ஊசி போட்ட இரவும் என் வீட்டில் தங்குவார். என் மனைவி அடுப்பில் கடுகு தாளித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். வாய் முழுக்கப் புண். ஆறிய தயிர்ச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தால், "தகரத்த நக்குற மாதிரி கீது, இத்த நீயே துன்னு" என்று தட்டைத் தள்ளுவார். தண்ணீர்கூடக் கசந்தது. முட்டி வலிக்கும், உள்ளங்கை எரியும், உட்கார்ந்தால் எழ முடியாது. இதையெல்லாம் அவர் எங்களுக்குச் சொன்ன விதம் இருக்கிறதே, நாங்கள்தான் அந்த மருந்தைக் காய்ச்சி அவருக்குள் ஊற்றியவர்கள் போல இருக்கும். வசவும் உவமையும் தடையில்லாமல் வரும்.

அப்படிப்பட்டவர் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் வேறு மனுஷியாகிவிடுவார். செருப்பை வெளியே விட்டு, முந்தானையைத் தோளில் போர்த்தி, நாற்காலியின் நுனியில் உட்காருவார். டாக்டரம்மா தெலுங்குக்காரர், பொறுமைசாலி. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். "பாகுந்தம்மா." நன்றாயிருக்கிறதாம். சாப்பாடு இறங்குகிறதா? "பாகுந்தம்மா." தூக்கம்? அதுவும் பாகுந்தம்மா. அன்று காலை என் வீட்டு வாசலில் குடல் வெளியே வருவது போல் வாந்தி எடுத்தவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

எனக்கு ஒரு விளக்கம் தோன்றியது. அண்ணியின் தெலுங்கு மண்டல அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் தொழிற்சாலை வாசலிலும் கற்றது. அந்தத் தெலுங்கில் யாரிடமும் குறை சொன்னதில்லை. சரி என்று தலையாட்டி, காரியம் முடிந்ததும் வெளியே வருவதற்கான தெலுங்கு அது. வலிக்கு அவரிடம் தமிழ் மட்டுமே இருந்தது. இந்த விளக்கத்தை நான் பெருமையோடு சொன்னபோது, "ஆமா, பெரிய பண்டிதரு" என்றார். உண்மைக் காரணம் வேறு. மூன்றாவது ஊசியின்போது, முந்தின இரவு காய்ச்சல் இருந்தது என்று ஒரே ஒரு முறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். ரத்தம் பரிசோதித்தார்கள். வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. ஊசியைத் தள்ளிப்போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் முதலிலிருந்தே பயந்தது அன்று உறுதியாயிற்று: உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்காது, மருந்து நின்றால் நோய் திரும்பி வரும்.

சிவப்பு முடிந்ததும் வாராவாரம் வேறொரு மருந்து. வாந்தி குறைந்தது, நாக்கில் ருசி திரும்பியது. மாசி முடிவதற்குள் விரல்கள் மரக்கத் தொடங்கின. எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றார் முதலில். அப்புறம் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாமல் என் மனைவியைக் கூப்பிட்டார். எனக்குப் பயம் வந்தது. கையும் காலும் மரத்தால் உடனே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று டாக்டரம்மா முதல் வாரமே சொல்லியிருந்தார். அடுத்த முறை நானே வாயைத் திறந்து சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். மைத்துனர் சின்னப் பிள்ளை, எதற்கெடுத்தாலும் பயப்படுவார் என்று தெலுங்கில் சொல்லி, மேசை மேலிருந்த பேனாவை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக் காட்டினார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு.

வெளியே வந்ததும் கத்தினேன். "இன்னா அண்ணி இது? வூட்ல டம்ளர உடைக்கிறீங்க, உள்ள வித்தை காட்றீங்க!"

"கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க."

"விரலு போச்சின்னா திருகாணிய எதால எடுப்பீங்க? வாயாலயா?"

"உசுரு இருந்தாதான விரலு? ஊசி முடியட்டும், அப்பால விரல பாத்துக்கலாம். நீ போயி தேதிய பாரு."

நோயாளிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளை நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் எல்லோரும் பாதி வழியில் பக்குவப்பட்டுவிடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொள்கிறார்கள். எங்கள் அண்ணி மரத்தைப் பார்த்தால், அதன் கீழே நிழலில் நின்றிருக்கும் ஷேர் ஆட்டோவில் இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

சித்திரையில் ஒரு நாள் அந்த ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி மருத்துவமனை வாசல் வரை நடந்தோம். உச்சி வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. நான் மருத்துவச் சீட்டுகள் இருந்த கோப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். வாசலில் திரும்பிப் பார்த்தால், அண்ணி வலக்காலில் மட்டும் ரப்பர் செருப்போடு வந்துகொண்டிருந்தார். இடக்கால் வெறும் கால். "செருப்பு எங்க?" என்றேன். குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வலி தெரியவில்லை, திருடன் வந்து போனதை அறிந்தவரின் திகைப்புதான் தெரிந்தது. ஆட்டோவிலேயே நழுவியிருக்க வேண்டும். அவ்வளவு தூரமும் கொதிக்கும் தாரில் நடந்திருக்கிறார். பாதத்தில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. "டாக்டர் கிட்ட சொல்லாத" என்றார், அந்த நிலையிலும்.

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அண்ணி உள்ளே நடந்துவந்தபோதே டாக்டரம்மா பாதத்தைப் பார்த்துவிட்டார். எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்டார். இன்றுதான் என்றார் அண்ணி. டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொல்லுங்கள் என்றார். அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டரம்மா பேனா மூடியால் பெருவிரலைத் தொட்டார். பிறகு அடுத்ததை. பிறகு சுண்டுவிரலை, கொஞ்சம் அழுத்தி. அண்ணி கண்ணை மூடியபடியே தலையை என் பக்கம் சாய்த்துத் தமிழில், "இன்னா தம்பி, இன்னும் ஆரம்பிக்கலியா அவங்க?" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

அன்று ஊசி இல்லை. கொப்புளத்துக்குக் கட்டு மட்டும். அடுத்த முறையிலிருந்து அளவைக் குறைத்துத் தருவதாகவும், குறைப்பது நிறுத்துவது ஆகாது என்றும் டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி அத்தனைக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பேருந்தில் பிச்சாட்டூர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பக்கத்தில் யாரோ தரிசனம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஒரே வார்த்தையில், "அவலேது" என்றார். ஆகவில்லையாம். இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணனும் புள்ளைங்களும் கீறாங்கன்னுதான் பல்ல கடிச்சிக்கினு போய்க்கினு இருந்தேன். பாதி மருந்து போட்டு, நாளைக்கு நோவு திரும்பி வந்தா நீ பதில் சொல்லுவியா?" என்றார். அவர் குரல் நடுங்கியதை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

குறைத்த அளவிலேயே எல்லா ஊசிகளும் முடிந்தன. பிறகு, எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சும் முடிந்தது. நோய் இதுவரை திரும்பவில்லை. கைவிரல்கள் மெல்ல மெல்ல விழித்துக்கொண்டன, முழுசாக இல்லை. தொழிற்சாலையில் திருகாணி வரிசையிலிருந்து எடுத்து, பெட்டிகளை ஒட்டும் இடத்தில் போட்டார்கள். திருகாணிப் பேச்சை அவர் எடுப்பதேயில்லை. கால் மரத்தபடியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது போல் பின்னால் வார் வைத்த செருப்புத்தான் போடுகிறார், டாக்டர் அறைக்குள்ளும் கழற்றுவதில்லை. கொஞ்சம் முன்னாலேயே வாயைத் திறந்திருந்தால் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்த எண்ணத்தை அவரிடம் சொல்ல நான் துணியவில்லை.

போன மாதப் பரிசோதனைக்கும் நான்தான் கூடப் போனேன். தலையில் முடி வளர்ந்து, முன்னைவிடச் சுருண்டு, கொண்டை போடும் அளவுக்கு வந்திருக்கிறது. பேருந்தில் யாரும் தரிசனம் கேட்கவில்லை. டாக்டரம்மா வழக்கம் போலக் கேட்டார், எப்படி இருக்கிறீர்கள் என்று. அண்ணியின் வாய் வழக்கம் போல, "பாகுந்தம்மா" என்றது. நான் பெருமூச்சு விட்டேன். அண்ணி என்னை முறைத்தார். பிறகு யாரும் சொல்லாமலே குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்தார். கொக்கி கைக்கு வரக் கொஞ்ச நேரமாயிற்று. இடக்காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா பேனா மூடியால் தொட்டார்.

"தெரிலம்மா" என்றார் அண்ணி.