சிவப்புக் காரும் மாமியின் தேசிக்காயும்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், ஓடினதில்லை. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் இருந்த கார்களிலேயே அதிகம் குளித்த கார் அதுவாகத்தான் இருக்கும். ஞாயிறு தவறாமல் அப்பா வாளியும் துணியுமாக இறங்கி அதை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக் கழுவுவார். பிறகு உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் இருப்பார். பிறகு இறங்கிவந்து தேத்தண்ணி குடிப்பார். அவருக்கு லைசென்ஸ் இல்லை. டெஸ்டில் கட்டாயம் பாஸ் பண்ணுவேன் என்ற நம்பிக்கையில் காரை முந்தி வாங்கிவிட்டார். டெஸ்ட் வைத்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை போய், இரண்டு முறையும் மழையைக் குறை சொல்லிக்கொண்டு திரும்பினார். இரண்டாவது முறை நல்ல வெயில் எறித்தது என்று அம்மா யாருக்கோ ரெலிபோனில் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த வீட்டுக்குத்தான் மாமி வந்து சேர்ந்தார், அப்பாவின் அக்கா. எண்பதுகளின் கடைசி அது. எனக்கு எட்டு வயது.

மாமிக்குக் கிளிநொச்சிப் பக்கம் வயல் இருந்தது. கண் போகிற தூரமெல்லாம் வயல், நடுவில் ஒரு வீடு, வீட்டோடு ஒரு டிராக்டர். மாமா நெஞ்சு நோவு என்று படுத்து எழும்பாமலே போனபிறகு, டிராக்டரை வில் என்று ஊரே கூடிப் புத்தி சொன்னதாம். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் எல்லாம் பிறகு ஒவ்வொருவராக வந்து, அக்கா என்ர நெல்லையும் ஒருக்கா ஏத்திவிடுங்கோ, அக்கா உரம் வந்து கிடக்கு என்று தலையைச் சொறிந்தார்களாம். சண்டை வயலுக்குள் வந்து வீடும் டிராக்டரும் எரிந்தபிறகு, அப்பா அலையாத இடமெல்லாம் அலைந்து மாமியை லண்டனுக்கு எடுத்துவிட்டார். அந்த விஷயத்தில் அப்பாவைக் குறை சொல்லவே கூடாது.

மாமி எங்கள் முன் அறைச் செற்றியில், அந்த நீளச் சோபாவில், படுத்தார். விடிய நாங்கள் எழும்பி வரும்போது போர்வையும் தலையணையும் மடித்து ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். மாமி அங்கே படுத்ததற்கு ஒரு அடையாளமும் இருக்காது. நான் அதை ஏதோ வித்தை என்று நினைத்திருந்தேன். பகலில், வயதானவர்கள் வந்து பொழுதுபோக்கிவிட்டுப் போகும் ஒரு நிலையத்தின் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு சீவுவார், கோப்பை கழுவுவார். அந்தக் கிழவன் கிழவிகளை வீடு வீடாகப் போய் ஏற்றிவர ஒரு மினிபஸ் இருந்தது. அதன் சாரதி வேலையை விடப்போகிறார் என்று தெரிந்த அன்றைக்கே மாமி மனேஜர் பெண்ணிடம் போய், எனக்குத் தாங்கோ என்று கேட்டுவிட்டார். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, உனக்குத்தான் என்றாளாம் அவள்.

இதை மாமி இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது அப்பாவுக்குப் புரையேறியது.

"அக்கா, இது வயல் இல்லை, லண்டன்."

"ரோட்டு ரோட்டுத்தானே தம்பி. இஞ்சை சேறும் இல்லை, சுரியும் இல்லை."

"ஆம்பிளையள் நாங்களே..." என்று தொடங்கிய அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீரையைப் போட்டுக்கொண்டார்.

பிறகு குசினிக்குள் மாமி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "அந்த வேலை கிடைச்சால் ஒரு அறை எடுப்பன் மச்சாள். கதவைப் பூட்டிப்போட்டு ஒருநாளாவது விடிஞ்சு எட்டு மணி மட்டும் நித்திரை கொள்ளவேணும்."

எங்கள் செற்றியில் என்ன குறை என்று எனக்குக் கோபமாக வந்தது. நல்ல பஞ்சுச் செற்றி. நான் கேட்டால்கூட அதில் படுக்க விடமாட்டார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு டிரைவிங் மாஸ்டர் இருந்தார், சும்மா நிற்கிற எங்கள் சிவப்புக் காரிலேயே பழக்க ஒத்துக்கொண்டார். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கோபம் வந்தால் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மாமியோடு போன முதல் வாரம் அவர் கண் திறந்திருந்த நேரம் கொஞ்சம். மாமிக்கு ஓட்டத் தெரியாது என்றில்லை. கிளச்சும் கியரும் அவருக்குக் கைவந்த கலை. சங்கடம் என்னவென்றால், உழும்போது சால் கோணாமல் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்த பழக்கம் கழுத்தைவிட்டுப் போகவில்லை. செவன் கிங்ஸ் ஹை ரோட்டில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் போய்க்கொண்டே, பின்னால் ஏதோ கலப்பை வருவதுபோல மாமி திரும்பிப் பார்ப்பார். மாஸ்டர், "ஐயோ அம்மா, முன்னுக்கு! முன்னுக்கு!" என்று கத்துவார். ஹோர்ன் வேறு. மாடு நிற்கிற ரோட்டில் ஓட்டினவருக்கு ஹோர்ன் அடிக்காமல் எப்படி ஓடுவது?

முதல் டெஸ்டில் அதுதான் காலை வாரியது. ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோடுகளில் நின்ற ஒரு கிழவருக்கு மாமி ஒழுங்காகக் காரை நிறுத்தினார். கிழவர் ஆடி அசைந்து பாதி தூரம் வந்ததும் மாமி பாங் என்று ஹோர்ன் ஒன்று வைத்தார். கிழவர் கைத்தடியைப் போட்டுவிட்டார். டெஸ்டும் அத்தோடு போச்சு.

அப்பாவுக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அன்று மாமிக்கு அவரே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். ஆனால் மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாத முடிவு வரைக்கும்தான் பொறுப்பேன், பிறகு வேறு ஆளைப் பார்ப்பேன் என்று மனேஜர் பெண் சொல்லிவிட்டாள். மாத முடிவுக்குள் கிடைத்தது ஒரேயொரு டெஸ்ட் தேதி. அதைத் தவறவிட்டால் உருளைக்கிழங்குதான், செற்றிதான்.

மாமி விடவில்லை. பின்னேரங்களில் செற்றியில் இருந்து சோற்றுப் பானை மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து ஓட்டினார். அம்மா அவருடைய கழுத்தில் அப்பாவின் மஃப்ளரை இறுக்கிச் சுற்றிவிட்டார், திரும்பினால் கழுத்தை நெரிக்கும்படி. மாமி மூச்சு முட்ட முட்ட எங்கள் முன் அறைக்குள்ளேயே லண்டன் முழுவதும் ஓடித் திரிந்தார். "விசர் குடும்பம்" என்று சொல்லிவிட்டு அப்பா மேலே போய்விடுவார்.

டெஸ்ட் நாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலையிலேயே சிவப்புக் காருக்குச் சந்தனம், குங்குமம், பூ. கற்பூரம் காட்டி, நடைபாதையில் தேங்காய் உடைத்தோம். எதிர்வீட்டு வெள்ளைக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார் அம்மா. புது வண்டியோ நல்ல காரியமோ, எலுமிச்சையை நசித்துக்கொண்டு புறப்பட்டால் கண்ணூறும் தடையும் அதோடு நசிந்துபோகும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மாமி ஸ்டியரிங்கில், பக்கத்தில் மாஸ்டர், பின்னால் அம்மாவும் நானும். வரமாட்டேன் என்று முதல்நாள் முழுக்கச் சொன்ன அப்பா, கடைசி நிமிஷத்தில், சும்மா காத்து வாங்க வாறன் என்று எங்களை நெருக்கிக்கொண்டு ஏறினார். தேசிக்காய்கள் அழகாக நசிந்தன.

டெஸ்ட் நிலையத்தில் எல்லோரும் இறங்கி நின்றோம். அப்போதுதான் மாமி கைப்பையைத் திறந்தார். உள்ளே இன்னும் நாலு தேசிக்காய்! வீட்டில் மிதித்தது வீட்டிலிருந்து இங்கே வந்ததற்குச் சரியாகிவிட்டது, டெஸ்ட் என்பது வேறு பயணம் அல்லவா, அதற்குத் தனியாக வைக்கவேண்டாமா என்பது மாமியின் நியாயம். மாஸ்டர் கையைப் பிடித்துத் தடுப்பதற்குள் குனிந்து நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். நிமிரவும் டெஸ்ட் எடுப்பவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது.

நெட்டையாய், நரைத்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரர். மாமி தூரத்துக் காரின் நம்பரை வாசித்துக் காட்டினார். அதுவரை எல்லாம் நல்லபடி. பிறகு அந்த மனிதர் காரில் ஏறக் காலைத் தூக்கினார், தூக்கின காலை அப்படியே வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா, எங்களைத் தெரியாதவர்போல, அறிவிப்புப் பலகை ஒன்றை ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்.

இது என்ன என்று வெள்ளைக்காரர் கேட்டார். மாமிக்கு இருந்த இங்கிலிஷ் முழுவதும் அந்த நேரம் பறந்துபோயிற்று. மேலே கையைக் காட்டி, "காட், சார். காட்" என்றார்.

அவர் மாமியைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார். காரைச் சுற்றி நடந்து மற்றப் பக்கம் போய், அங்கேயும் ஒழுங்காக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கார் நகர்ந்தது. சளக், சளக், சளக் என்று மூன்று நசிந்தன. நாலாவது வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே துள்ளி, தாரில் உருண்டு உருண்டு வந்து அப்பாவின் சப்பாத்துக்கு முன்னால் நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. அம்மா நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ, ஒண்டு நசியேல்லையப்பா!"

கார் தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா அந்தத் தேசிக்காயைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். திடீரென்று காலைத் தூக்கி, பெற்றோல் அடிக்கும் செட் வேலைக்குப் போடும் கனத்த சப்பாத்தின் குதியால் ஓங்கி ஒரு மிதி. சாறு அவருடைய காற்சட்டையில் முழங்கால் வரை தெறித்தது. போதாதென்று இன்னும் இரண்டு மிதி.

"ஆரும் வழுக்கி விழுந்திடுவினம், அதுதான்" என்றார், யாரும் கேட்காமலே. அம்மா சேலைத் தலைப்பால் அவருடைய காற்சட்டையைத் துடைத்துவிட்டார்.

அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். அப்பா நகத்தைக் கடித்துத் துப்பினார். பிறகு சிவப்புக் கார் வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த இடத்துக்குள் பின்பக்கமாக ஒரே வளைப்பில் போய் நின்றது. மாஸ்டர், "ஆஹா" என்றார். அதற்கு முன் அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பின்னால் பெரிய பெட்டி பூட்டிய டிராக்டரை வரம்புகளுக்கு நடுவில் பின்னுக்கு எடுத்தவருக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். மாமி தலையாட்டினார். அவர் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். மாமி மெதுவாக இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் வந்து நின்று, யாரோ அயலவரின் செய்தியைச் சொல்வதுபோல, "பாஸாம்" என்றார்.

அவ்வளவுதான்! அம்மா போட்ட கூச்சலில் உள்ளேயிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் துள்ளினேன். மாமி அங்கேயே நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து, வாய்விட்டு அழுதார், அழுகைக்குள்ளேயே சிரித்தார். அப்பா மட்டும் நிமிர்ந்து நின்று, "எனக்கு அப்பவே தெரியும். எங்கடை குடும்பத்திலை எல்லாருக்கும் ஓட்டம் பிறவியிலேயே இருக்கு" என்றார்.

அடுத்த கிழமையே மினிபஸ் சாவி மாமியின் கைக்கு வந்தது. சில மாதத்தில், இரண்டு தெரு தள்ளி, ஜன்னல் வைத்த ஒரு அறையும் வந்தது. முதல் ஞாயிறு மாமி அங்கே எட்டு மணிவரை அல்ல, பத்து மணிவரை படுத்துக்கிடந்தார். ஆனால் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்பது டெஸ்ட் அன்று பின்னேரம்தான்.

அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். அப்பா தன் கையாலேயே காரின் எல் போர்டுகளைக் கழற்றினார். பிறகு, தனக்குத் தேவைப்படும் என்று அவற்றைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். மாமி சாவியை எடுத்துக்கொண்டு, "ஒருக்காப் போயிட்டு வாறன்" என்றார். நான் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறினேன். மாமி என்னை இறங்கச் சொன்னார். நான் கேட்டு மாமி இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை. கடைக்குப் போறியளோ என்று அப்பா கேட்டார், இல்லை. கோயிலுக்கோ, இல்லை. அப்ப நானும் வாறன் அக்கா, வேண்டாம் தம்பி. கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டும் ஆயிற்று. அப்பா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். வெளிச்சம் மங்குகிற நேரம் சிவப்புக் கார் வந்து நின்றது. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"ஆரை ஏத்திக்கொண்டு போனீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை."

"எங்கை போனீங்கள்?"

"தெரியேல்லையடி. ரோட்டு போன பக்கம் போனனான். வடிவான ரோட்டு."

"எனக்கு என்ன வாங்கினீங்கள்?"

"ஒண்டும் இல்லை!" என்று சொல்லிவிட்டு மாமி சிரிக்கத் தொடங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். கேசரிக் கரண்டியோடு ஓடிவந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். "மச்சாள், ஊரிலை அந்த டிராக்டர் மிசினிலை நான் ஒருநாளும் சும்மா போனதில்லை. நெல்லு, உரம், இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போற ஆரோ ஒரு பிள்ளைத்தாச்சி. இண்டைக்குத்தான் என்னை மட்டும் ஏத்திக்கொண்டு போனனான்."

அம்மா கரண்டியைப் பிடித்தபடி மாமியின் தோளில் முகத்தை வைத்து அழுதார். நான் கார்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தேன். சீட்டெல்லாம் வெறுமையாகக் கிடந்தது, ஒரு இனிப்புப் பைகூட இல்லை. இவ்வளவு கடை இருக்கிற லண்டனில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்த மனிசிக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம், அதற்கு அம்மா ஏன் அழவேண்டும் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இனி என்னைக் கூப்பிட்டாலும் மாமியோடு போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, கேசரி சாப்பிட உள்ளே போனேன்.