மருந்து வைத்தவள்

தெருவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்ததால், பெரியவர்களுக்கும் பொடிசுகளுக்கும் அவள் மருந்தக்கா. நாள் முழுக்க நின்றுகொண்டே, வாசிக்க முடியாத சீட்டுகளை வாசித்து, காலையில் எது ராத்திரி எது என்று உறையின் மேல் எழுதிக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் இன்னொரு நாள் தொடங்கும்.

வீடு இரண்டாவது மாடியில். கீழ்த்தளத்தில் பேக்கரிக்காரரின் மாவுக் கிடங்கு. வீட்டில் இருந்தது மூன்றே பேர். அவள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவன், அவனுடைய அம்மா. குழந்தை இல்லை. அதைப் பற்றி மாமியார் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கணவனின் அக்கா வரும்போதெல்லாம் திறந்தாள்.

மாமியாரும் மருமகளும் ஒட்டிக்கொண்டிருந்தது ஊர் கண்ணுக்கே உறுத்தலாக இருந்தது. இரண்டு பேரும் காலையிலிருந்து எதற்காவது வாக்குவாதம் செய்வார்கள், சாயங்காலம் ஒரே தட்டில் எதையாவது கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். மகள் வீட்டுக்குப் போனால் மாமியாருக்கு இரண்டாம் நாளே இருப்புக் கொள்ளாது. தலைவலி, தண்ணி ஒத்துக்கல என்று ஏதாவது காரணம் சொல்லித் திரும்பிவிடுவாள். மகளுக்கு அது ஆறாத புண்.

கரப்பான்கள் கிடங்கிலிருந்து குழாய் வழியாக ஏறி வந்தன. முதலில் தொட்டியடியில் ஒன்றிரண்டு. பிறகு ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பில், மிக்ஸியின் அடியில், சுவர்க்கடிகாரத்தின் முதுகில். விளக்கைப் போட்டால் அடுப்பு மேடை முழுக்கச் சரசரவென்று கலையும். ஒரு நாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தபோது உள்ளிருந்து இரண்டு மீசைகள் மட்டும் ஆடின. அவள் டப்பாவோடு தூக்கி எறிந்தாள். மாமியார் வாசலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"நாம இந்த வீட்டுக்கு வந்தப்போ ஒருத்தர்கூட பால் காய்ச்ச வரலன்னு அழுதியே. பாரு, குடும்பத்தோட வந்திருக்காங்க."

புகை மாதிரி அடிக்கிற மருந்தை அடிக்க முடியாது. மாமியாருக்கு இழுப்பு. ஒரு தடவை அடித்துவிட்டு அந்த அம்மாள் திணறியதைப் பார்த்தபின் அந்தப் புட்டியை அவள் தொடவில்லை. கடையிலிருந்து போரிக் பவுடர் வாங்கி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவன் வேனைக் கழுவப் போயிருந்த நேரம், இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, பவுடர், பிசைய ஒரு கை பால். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி வைத்தார்கள்.

"பூச்சிக்கு என்ன பதமா உருட்டுற. எனக்கு என்னைக்காவது இப்படி உருட்டிக் குடுத்திருக்கியா?"

"உங்களுக்கும் ஒண்ணு வைக்கட்டா அத்தை?"

"புதுசா வேற வைக்கணுமா? வந்த அன்னைக்கே நீ வெச்ச மருந்துலதானடி இன்னிக்கு வரைக்கும் உன் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியறேன்."

மாமியாருக்குத் தன் சொல்லே பிடித்துப்போனது. நல்ல சிரிப்பு ஒன்று கிடைத்தால் அதை நாலு இடத்தில் செலவழிக்காமல் விடமாட்டாள். அன்றைக்கே எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னாள். காய்காரரிடம் சொன்னாள். மகள் ஃபோன் பண்ணி, பத்து நாள் வந்து இருந்துட்டுப் போம்மா என்று கூப்பிட்டபோது அவளிடமும் சொன்னாள்.

"எங்கடி வர்றது. உன் தம்பி பொண்டாட்டி எனக்கு மருந்து வெச்சுட்டா. காலு இந்த வீட்டை விட்டு நகர மாட்டேங்குது."

மருந்தக்கா பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். மறுமுனையில் நாத்தனார் சிரித்தாளா என்று அவளுக்குக் கேட்கவில்லை.

உருண்டைகள் வேலை செய்தன. காலையில் எழுந்தால் கரப்பான்கள் கால் மேலாக மல்லாந்து கிடக்கும், அவள் முறத்தில் கூட்டி அள்ளுவாள். மெல்ல அதுவும் நின்றது. அடுக்களை கழுவிவிட்ட மாதிரி ஆனது.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் மாமியாருக்கு வாந்தி ஆரம்பித்தது. முகம் ஊதியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பல வருஷத்துச் சர்க்கரை வியாதி, சிறுநீரகம் இரண்டும் முடிந்துவிட்டது என்றார் டாக்டர். மருந்தக்காவுக்கு அது புதிய செய்தி இல்லை, ஆறு மாதமாகவே அந்தத் திசையைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்தாள். மாமியார் கடைசியாகக் குடித்ததும் அவள் கையால்தான், ஒரு மடக்குக் கஞ்சி. பிறகு கண் திறக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வந்து, அழுது, கலைந்தார்கள். அம்மாவின் புடவைகளை எடுத்துக்கொள்ள நாத்தனார் மட்டும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாள். மரப்பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. அக்காவும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். பீரோ இருந்த இடத்தில், ஒட்டடைக்கு நடுவே, கல்லாய் இறுகிப்போன இரண்டு வெள்ளை உருண்டைகள்.

"இது என்னது?"

"கரப்பானுக்கு வெச்ச மருந்து அண்ணி."

நாத்தனார் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதைத்தான் அம்மா சொன்னாங்களா."

"அண்ணி, அது அத்தை சும்மா விளையாட்டுக்கு..."

"எனக்கு மருந்து வெச்சுட்டான்னு என் காதுபட சொன்னாங்க. நான் மரமண்டை, வேற மருந்துன்னு நெனச்சேன். வாந்தியா எடுத்தாங்களே, அப்பக்கூட எனக்கு உறைக்கல."

"டாக்டர் சொன்னதைக் கேட்டீங்க இல்ல? கிட்னி போயிடுச்சுன்னு..."

"அது எதனால போச்சுன்னு சொன்னாரா? மருந்துக்கடையில நிக்கிறவளுக்கு எதை எவ்வளவு குடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லியா தெரியணும்?"

"நாங்க ரெண்டு பேரும்தான் அண்ணி உக்காந்து உருட்டினோம். அத்தைதான் பால் ஊத்தினாங்க."

"யாரு பாத்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. அன்று வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி இப்போது இல்லை. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பீரோவின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றான். ஒரு வார்த்தை போதும். என்னக்கா பேசுற என்று ஒரு அதட்டல், அல்லது பைத்தியமா உனக்கு என்று ஒரு சிரிப்பு. அவன் தரையைப் பார்த்தான்.

"விடுக்கா. போனது போச்சு."

இல்லை என்று சொல்லவில்லை. விடு என்றுதான் சொன்னான். எது நடக்கவில்லையோ அதை யாரும் விடச் சொல்வதில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. நாத்தனார் திட்டிய எதுவும் அவளுக்கு அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை.

நாத்தனார் போன பின் வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. அவன் குரலை உயர்த்தவில்லை. ஒரு நாள் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, யாரையோ கேட்பது போல் கேட்டான்.

"அந்த மாவை எந்தப் பாத்திரத்துல பிசைஞ்சே?"

"பழைய பிளாஸ்டிக் டப்பால. அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

அவன் தலையாட்டினான். தூக்கிப் போட்டுட்டேன் என்று ஏன் சொன்னோம் என்று அவள் அன்று முழுக்கக் கடையில் நின்று யோசித்தாள். உண்மைதான், ஆனால் மறைத்தவள் சொல்கிற மாதிரி இருந்தது. மருந்து என்று ஒரு கிழவர் சீட்டை நீட்டினார். அவளுக்கு எழுத்து பிடிபடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைத்தாள். இரண்டு தட்டில் போட்டாள். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான், சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தான், ஃபோனைப் பார்த்தான். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அவள் விழுங்கும்வரை இருந்துவிட்டு அவன் கையைத் தட்டில் வைத்தான்.

முதல் நாள் அவள் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். வேண்டுமென்றே ஒரு நாள் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். திரும்பி வரும்போது சோறு ஆறிப்போய் இருந்தது, அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் ஒரு நாள் ஏதோ மாத்திரை கேட்க வந்தாள். இருவரும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்றே கொஞ்ச நேரம் பேசினாள்.

"அட, சோத்தைப் போட்டு வெச்சுக்கிட்டு என்ன சார் முழிச்சுக்கிட்டு இருக்கீங்க? சாப்பிடுங்க."

"அவ சாப்பிடட்டும்," என்றான் அவன்.

"பாத்தியா மருந்தக்கா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, எனக்கு மிச்சம் இருக்கான்னுகூடப் பாக்காது. நீ குடுத்து வெச்சவ."

"ஆமா டீச்சர்," என்று சொல்லிவிட்டு, மருந்தக்கா தன் தட்டிலிருந்து முதல் வாயை எடுத்துச் சாப்பிட்டாள்.