எதிரில் ஓர் ஆள் உட்கார வேண்டும்

நான் அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் முடிந்து, மறுவீடும் முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் சினிமாவுக்குக்கூடப் போய் வந்த பிறகுதான் வெளியே வந்தது. தாமதமாக அச்சடித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். நேரத்துக்கே அச்சடித்துவிட்டேன். காயவைத்து, அடுக்கி, பிரவுன் பேப்பரில் கட்டி, பத்திரமாக இருக்கட்டும் என்று மேஜையின் கீழ் டிராயரில் வைத்தேன். வைத்த கையோடு மறந்தும் போனேன். எங்கே வைத்தேன் என்பதை அல்ல, அச்சடித்ததையே.

அதன் பிறகு பெண்ணின் அப்பா தெருமுனையில் தலைகாட்டும்போதெல்லாம் நான் பின்கதவு வழியாக வெளியேறி டீக்கடையில் பதுங்கிக்கொண்டேன். செய்து முடித்த வேலையைச் செய்யவில்லையே என்று பயந்து ஓடிய ஆள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் அலைந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் அவசரமாக அச்சடித்துக்கொண்டார். பிறகொரு நாள் கத்தரிக்கோல் தேடி டிராயரைத் திறந்தேன். கட்டின் மேல் ஒட்டியிருந்த மாதிரி அட்டையிலிருந்து பிள்ளையார் என்னைப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு கம்ப்யூட்டர், ஸ்கிரீன் பிரின்டிங் செய்ய ஒரு மேஜை, சிவாஜிநகரில் வாங்கி வந்த வெற்று அட்டைகள். இவ்வளவுதான் கடை. இடம் என் மனைவியின் அண்ணனுடைய வீட்டு முன்னறை. மச்சான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். நிதானமானவர். கோபம் வந்தால் இன்னும் நிதானமாகிவிடுவார்.

"மாப்ள, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பத்திரிகை அடிச்சீங்களா, அடிக்கலையா?"

"அடிச்சேன் மச்சான்."

"அப்புறம் ஏன் ஓடுனீங்க?"

"அடிச்சது எனக்குத் தெரியாது."

அவர் அருகில் நின்ற தங்கையைப் பார்த்தார். ஜாதகம் பொருத்திக் கொடுத்தவர் இப்போது எங்கே இருப்பார் என்று யோசிக்கிற பார்வை அது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம். அதுக்குள்ள கடை ஒரு கடை மாதிரி நடக்கலேன்னா, ஜனவரிலேந்து பீன்யா. ஸ்டோர்ஸ்ல சீட் காலியா இருக்கு. நான் பேசிக்கறேன்."

அந்த ஸ்டோர்ஸ் எனக்குப் புதிதல்ல. கடை வைப்பதற்கு முன் அதே தொழிற்சாலையில், அதே பின்கட்டுத் தகரக் கூரைக்குக் கீழே, போல்ட்டுகளோடும் நட்டுகளோடும் தனியாக இருந்து பார்த்தவன் நான். பேரிங் கேட்டு வந்தவர்களுக்கு என்னிடம் பேரிங் உருவான வரலாறு கிடைத்தது, பேரிங் கிடைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வாஷர்களை அளவுப்படி அடுக்காமல் அழகுப்படி அடுக்கினேன். நான் ராஜினாமா செய்தபோது மறுபடி யோசிக்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் எழுத்துகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, காலையில் யாரும் விரட்டாமல் நானாகவே கிளம்பிப் போன ஒரு வேலை. அதை விட்டுவிட்டு மறுபடி அந்தத் தகரக் கூரைக்குக் கீழே போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் சீர்திருத்தம் என் மனைவியுடையது. அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர். என்னை ஒரு வாரம் கவனித்துவிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, கண்ணுல படலேன்னா அந்த சாமான் உங்களுக்கு உலகத்திலயே கிடையாது. மூடி வெச்சா செத்துப் போச்சு."

சொன்ன கையோடு டிராயர்களை உருவி வீட்டுக்கு எடுத்துப் போய் வெங்காயம் போட்டுவைத்தாள். அலமாரிக் கதவுகளைக் கழற்றித் தச்சரிடம் கொடுத்தாள். கடையின் குறுக்கே நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் ஒவ்வொரு வேலையையும் என் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டாள். வந்தவர்கள் குனிந்து, விலக்கி, துணி காயப்போட்ட மொட்டைமாடியில் நுழைகிற மாதிரி நுழைந்தார்கள்.

மறதி நின்றது. வேலை நடக்கவில்லை. எல்லா வேலையும் இப்போது கண்ணுக்குத் தெரிந்ததால், எல்லாவற்றையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரிகையின் ஓரத்துக் குத்துவிளக்கை வரையத் தொடங்கினால், திரி சரியாக வரவில்லை என்று சாயங்காலம் வரை திரியோடு மல்லுக்கட்டுவேன். முகூர்த்த நேரம் டைப் அடிக்காமலே கிடக்கும்.

இந்த நிலையில்தான் ஆன்ட்டி வந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்திருந்தார்.

"பாட்டு புக் ரெடியா தம்பி?"

"நாளைக்கு ஆன்ட்டி."

"எந்த நாளைக்கு? அந்தக் கல்யாண வீட்டுக்குச் சொன்னியே, அந்த நாளைக்கா?"

தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"நீ உன் வேலையப் பாரு. நான் சும்னே உக்காந்திருக்கேன்." சும்னே என்றால் எங்கள் ஊரில் சும்மா.

ஒயர் கூடையிலிருந்து அவரைக்காயை எடுத்து, மடியில் பேப்பரை விரித்து, கொட்டைக்காக உரிக்க ஆரம்பித்தார். சீசன் தொடக்கம், கடை முழுக்க அந்தப் பச்சை வாசனை. என்னைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. தாளத்துக்கு ஏதோ பாட்டை முனகிக்கொண்டு காயைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் டைப் அடித்தேன். நிமிர்ந்தபோது அவர் மடியில் தோல் குவிந்திருந்தது. என் பக்கத்தில் முழுப் புத்தகமும் முடிந்திருந்தது. மரத்துப்போன கால் தானாக எழுந்து நடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அடுத்த நாள் ஆன்ட்டி வரவில்லை. நானும் வரவில்லை என்றே சொல்லலாம். உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது.

எனக்கு விஷயம் புரிந்தது. காரணம் புரியவில்லை, ஆனால் காரணம் தெரிந்துதான் குடை பிடிக்கிறோமா என்ன. எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் என் தலைக்குள் இருக்கிற கூட்டம் கலைந்து, ஒரே ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான், அவன் வேலைக்காரன். ஆள் எழுந்து போனால் கூட்டம் திரும்பி வந்துவிடுகிறது. ஆக, வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு போர்டு மாட்டினேன்: வேலை கொடுப்பவர்கள் உட்கார்ந்து வாங்கிச் செல்லவும். அது என் ஊனத்தின் விளம்பரம். ஆனால் யாரும் அப்படிப் படிக்கவில்லை. வேறெந்தக் கடையிலும் "போய்ட்டு நாளைக்கு வாங்க" என்றுதானே சொல்கிறார்கள், இங்கே உட்காரச் சொல்லிக் கையோடு தருகிறார்கள் என்று பேச்சுப் பரவியது. அவசரக்காரர்கள் எல்லாம் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் தன் செலவில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்.

உட்காருவதிலும் தரம் உண்டு என்று போகப்போகத் தெரிந்தது. ரிட்டயர்டான அதிகாரி ஒருவர் எதிரில் உட்காராமல் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த எழுத்து ஏன் இவ்ளோ குண்டா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எழுத்துகள் மட்டுமல்ல, நானும் வீங்கிப்போனேன். சிவாஜிநகரில் கறிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், புதுக் கடைத் திறப்புக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். "காலி பீலி, சும்மா உக்காரணுமா? நல்லதா போச்சு" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். அவரளவுக்கு நன்றாக உட்கார்ந்தவர் யாரும் இல்லை. தூங்குகிற ஆளும் ஆள்தான் என்பது அன்று நான் கண்ட உண்மை. ஆன்ட்டி தன் வேலை முடிந்த பிறகும், காய் உரிக்க வேண்டியிருந்தால் வந்துவிடுவார். அடித்த அட்டைகளைக் காத்திருப்பவர்களே கயிற்றில் மாட்டினார்கள்.

ஷிஃப்டில் இருந்த மச்சான் காதுக்கும் இது போயிற்று.

"கஸ்டமர வேலைக்கு வெச்சிருக்கீங்களாமே மாப்ள."

"வேலைக்கு வைக்கல மச்சான். உட்கார வெச்சிருக்கேன்."

"ஃபேக்டரில நான் யாரையாவது உட்கார வெச்சா எனக்கு மெமோ குடுப்பாங்க."

சொல்லிவிட்டு ஒரு கவரை நீட்டினார். கர்நாடகம் உருவான நாளுக்காக அவர்கள் தொழிற்சாலை நடத்தும் ராஜ்யோத்சவ விழா அழைப்பிதழ். நவம்பர் விழாவை டிசம்பரில் கொண்டாடுவது எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளின் பழக்கம். விழாக் கமிட்டிக்கு அந்த வருஷம் அவர்தான் செயலாளர். தமிழர் ஒருவர் கையில் கன்னட விழா; ஒன்று குறைந்தாலும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

"சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"நீங்க கொஞ்சம் உட்காரணும் மச்சான்."

"எனக்கு ஷிஃப்ட் இருக்கு. எல்லா கடையிலயும் குடுத்துட்டுப் போவாங்கல்ல, அப்படிக் குடுத்துட்டுப் போறேன். இதுவும் டிராயர்க்குள்ள போச்சுன்னா ஜனவரி வரைக்கும் எதுக்கு, திங்கக்கிழமையே பீன்யா பஸ் ஏறிடுங்க."

"டிராயரே இல்ல மச்சான்."

"அது வேறயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் பார்த்து விடாத தூறல். கடைக்கு ஈ காக்கை வரவில்லை. ஆன்ட்டிக்குப் பாட்டு ஒத்திகை. மனைவிக்குப் பள்ளியில் பரீட்சை. டீக்கடைக்காரரைக் கெஞ்சி உட்காரவைத்தேன். அவர் மத்திய அரசு கவிழுமா கவிழாதா என்று ஆரம்பிக்க, இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்தே விட்டோம். கடைசியில் பக்கத்துத் தையல் கடையிலிருந்து ரவிக்கை மாட்டுகிற பொம்மையைக் கடன் வாங்கி ஸ்டூலில் வைத்துப் பார்த்தேன். பலனில்லை. பொம்மைக்கு என்னிடம் எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் மச்சான் நேராகக் கடைக்கு வந்தார். மேஜையில் கன்னடத் தாய் புவனேஸ்வரியின் கிரீடம் மட்டும் இருந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக வரைந்த கிரீடம். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"இவ்ளோதானா?"

"கிரீடம் முடிஞ்சிடுச்சு மச்சான்."

அவர் பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்தார். ரவிக்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

"சரி. நான் எங்கயும் போகல. ஒரு மனுஷன் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் செய்யாம எப்படி இருக்கான்னு என் கண்ணால பாத்துடறேன். நாளைக்கு என் தங்கச்சி, 'அண்ணா, அவருக்கு சான்ஸே குடுக்கல'ன்னு சொல்லக் கூடாது பாருங்க."

என் தோல்விக்குச் சாட்சியாக உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்தார். நான் கீ போர்டில் கை வைத்தேன். என் அப்பா மாநில அரசு உத்தியோகத்தில் இருந்தவர், வீட்டில் கன்னடமும் ஓடும். எழுத்து தடையில்லாமல் வந்தது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தவர் பேப்பரை எடுத்தார். பிறகு டீ வந்தது. விடிகாலை ஷிஃப்டின் அசதி. தலை சரிந்து, வாய் லேசாகத் திறந்தது. கறிக்கடை பாய்க்கு அடுத்தபடி அவரைத்தான் சொல்ல வேண்டும். நான் சரிபார்த்து, பட்டர் பேப்பரில் பிரின்ட் எடுத்து, ஸ்கிரீன் தயார் செய்து, மெரூன் மையில் ஒவ்வொன்றாக அடித்து, சத்தமில்லாமல் கயிற்றில் மாட்டிக்கொண்டே போனேன். இடம் போதாமல் போனபோது அவர் தலைக்கு மேலும் மாட்டினேன்.

ஓர் அட்டையின் முனை வழுக்கையில் பட்டு அவர் விழித்தார். சுற்றிலும் புவனேஸ்வரி.

"யார் அடிச்சது?"

"நான்தான் மச்சான்."

"எப்போ?"

"நீங்க உட்காந்திருந்தப்போ."

"நான் தூங்கிட்டில்ல இருந்தேன்."

"அதுவும் சேர்த்திதான்."

அவர் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கட்டி எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வந்தது. பீன்யா பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. நான் கடையைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டோர்ஸ் பேச்சை எடுக்கவே இல்லை. கிறிஸ்துமஸும் போயிற்று, இன்னும் பல கிறிஸ்துமஸ்களும் போயின. பெஞ்சு இரண்டாயிற்று.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், மனைவி ஆசிரியர்களுக்கான ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, வகுப்பில் சில பிள்ளைகளின் மூளை வேறு தினுசாக வேலை செய்யும் என்று எனக்கு விளக்கினாள். கண்முன் இல்லாதது மறந்துபோகும், பிடித்த வேலையில் விழுந்தால் எழாது, தனியாக விட்டால் தொடங்காது, பக்கத்தில் யாராவது சும்மா இருந்தாலே போதும், செய்துவிடும்.

"பாவம், யாரு அந்தப் பையன்?" என்றேன்.

"தலைக்கு டை அடிக்கிற பையன்" என்றாள்.

அவள் சொன்ன டாக்டரையும் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவர் கேட்க, கயிற்றையும் ஸ்டூலையும் போர்டையும் பற்றிச் சொன்னேன். மிகவும் ரசித்துக் கேட்டார். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்றார். நானாகவே கண்டுபிடித்தேன் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

அந்தக் குரலோடுதான் ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்லி, என் மூளைக்கு ஏற்ற மாதிரி கடையை வளைத்த வித்தையைச் சொல்லி, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "மச்சான், அன்னிக்கு நீங்க மட்டும் உட்காரலேன்னா, நான் இப்பவும் அந்த ஸ்டோர்ஸ்லதான் இருந்திருப்பேன்" என்றேன்.

அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார்.

"எங்கேந்து? அந்த சீட்டுக்கு அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடியே வேற ஆள் வந்தாச்சு. நானும் உங்க பேரச் சொல்லிப் பாத்தேன். எங்க மேனேஜர் அவ்ளோ நல்லா சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அந்த ரசத்த இந்தப் பக்கம் தள்ளுங்க."