சனிக்கிழமை விடியும்வரை

டென்வர் நகரத்தில் ஓர் ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை போசேனாவுக்கு. எத்தியோப்பியாவிலிருந்து வந்து ஒன்பது வருஷமாகியும் அவளுக்கு ஆங்கிலம் ஒட்டவில்லை. கூட வேலை செய்யும் சித்தி மகள் எத்தெனேஷ் பொரிந்து தள்ளுவாள், கேலியும் செய்வாள்.

"இந்தத் துவைக்கிற மிஷின்கூட உன்னவிட நாலு வார்த்தை கூடப் பேசுதுக்கா!"

போசேனா சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்த வியாழக்கிழமை எத்தெனேஷ் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் மேற்பார்வை பார்க்கும் லிண்டா அம்மாள் வந்து போசேனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி. என்னென்னவோ சொன்னாள். நடுவில் எத்தெனேஷின் பேர் கேட்டது. பிறகு, "மதர்... சாரி..." என்றாள். திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் வர வேண்டாம் என்று காலண்டரில் விரல் வைத்துக் காட்டினாள்.

அந்த இரண்டு வார்த்தையும் போசேனாவுக்குத் தெரிந்தவைதான். ஊரில் இருக்கும் அம்மா போய்விட்டாள் என்பதும், தனக்காக லீவு கேட்டு ஃபோன் செய்தவள் எத்தெனேஷ் என்பதும் விளங்கிவிட்டன.

சாவுச் செய்தியை அவள் ஊர் ஜனங்கள் ஒருத்தராகப் போய்ச் சொல்லமாட்டார்கள். உறவும் கோயில் ஜனமும் விடியுமுன் ஒன்றாக வந்து, தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும்போதுதான் சொல்வார்கள். ஊரில் என்றால் மறுநாளே வந்திருப்பார்கள். இங்கே ஆளுக்கொரு வேலை. சனிக்கிழமைதான் கூட முடியும்.

தனியாக அழுது தீர்த்துவிட்டால் அம்மாவுக்கு அது என்ன அழுகை? 'ஆண்டவரே, சனிக்கிழமை வரைக்கும் என்னைத் தாங்கிக்கொள்ளும்' என்று வேண்டிக்கொண்டு விரிப்புகளை மடித்தாள்.

சாயங்காலம் கணவன் கஸ்ஸாஹுன் ஆட்டுக்கறி வாங்கிவந்து தானே சமைத்தான். தோசை மாதிரி இருக்கும் இஞ்சேராவைப் பிய்த்து, கறியை அதில் சுருட்டி அவள் வாயில் ஊட்டினான்.

"என்னங்க இது, புது மாப்பிள்ளையாட்டம்?"

"ஊட்டக்கூடாதா? எலும்பும் தோலுமா ஆயிட்ட. வாயத் தொற."

ஒருவேளை தான் நினைத்தது தப்பாக இருக்குமோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை. "ஞாயித்துக்கிழமை அம்மாகிட்டப் பேசணும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

அவன் கை அப்படியே நின்றது. "ஊர்ல லைன் சரியில்லையாம். அடுத்த வாரம் பேசிக்கலாம்."

நப்பாசை அதோடு போயிற்று. வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

சனிக்கிழமை இருட்டோடு கதவு தட்டும் சத்தம். மறுபடி தட்டுமுன் போசேனா திறந்துவிட்டாள். தோளெல்லாம் பனியோடு குருவானவர், எத்தெனேஷ், பின்னால் படிக்கட்டு நிறைய ஜனம். குருவானவர் அவளுடைய வெள்ளைச் சால்வையைப் பார்த்தார். துக்க வீட்டுக்காரர்கள் போடுகிற மாதிரி, கரை கழுத்துப் பக்கம் வர அவள் அதைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"எப்ப தெரியும், மகளே?"

"வியாழக்கிழமை, சாமி. ஓட்டல்ல சொன்னாங்க."

எத்தெனேஷ் மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் லீவுக்குத்தானே சொன்னேன், அக்கா!"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று கஸ்ஸாஹுன் ஓவென்று அழுதான். போசேனாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவள்தான் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழு, மகளே. நாங்க இருக்கோம்."

"வரமாட்டேங்குது, சாமி. அடக்கி அடக்கி உள்ளயே நின்னுபோச்சு."

பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எத்தெனேஷைத் தவிர அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் அவள் அம்மாவைக் கண்டதில்லை. வயதான ஒருத்தி கேட்டாள்: "அம்மா பேர் என்ன, தாயி? சொல்லு. பேரச் சொல்லித்தான அழணும்."

பெற்றவளைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை.

"யெஷாரெக்" என்றாள்.

"யெஷாரெக்! ஐயோ, யெஷாரெக்!" என்று அத்தனை பெண்களும் குரலெடுத்தார்கள். கூடச் சேர்ந்து சொல்லப் போனவளின் குரல் பாதியில் உடைந்தது. சாய்ந்தவளைப் பலபேர் கைகள் பிடித்துக்கொண்டன.