சாக் டப்பாவும் கொக்கிப்புழுவும்

மலப் பரிசோதனை செய்கிற லேப்காரிக்கு யாரும் கைகொடுக்க மாட்டார்கள். டப்பாவை மட்டும்தான் நீட்டுவார்கள். அதையும் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு. நீங்களும் ஒருநாள் அப்படி நீட்டியவர்கள்தானே, வெட்கப்படாமல் படியுங்கள். காதர்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன லேபில் பல வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவள் நான். இப்போது வெள்ளகோவிலில், வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை. சௌகரியம்தான். ஆனாலும் அந்தச் சந்து லேபையும் அந்த மனிதர்களையும் நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பேக்கிங்

பனியன் கம்பெனி சூப்பர்வைசர் செல்வராஜ் எனக்கு அறிமுகமானது மகளின் டப்பாவோடுதான். குழந்தைக்கு ஓயாத வயிற்றுவலி, பூச்சி இருக்கிறதா பார்க்க வேண்டும். வெளியே அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் டேப். உள்ளே பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு கவர். பிரிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கட்டைவிரல் அளவு டப்பா. “எதுக்குங்க இத்தனை?” என்றேன்.

“பேக்கிங் செரியில்லீன்னா சரக்கத் திருப்பி உட்ருவீங்களோன்னு பயந்துட்டனுங்க!”

சாக் களவு

அடுத்த தடவை அவர் வண்டியில் உட்கார்த்திக் கூட்டிவந்தது ஸ்டெல்லாவை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து அவர் மேற்பார்வையில் இருக்கிற தையல் வரிசையில் தைக்கிற பெண். மிஷினிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். எங்கள் லேபை ஒட்டிய கிளினிக் டாக்டரம்மா ரத்தமும் மலமும் பார்க்கச் சொல்லியிருந்தார். ஊசி குத்தினால் ரத்தம் வருமா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு வெளுத்திருந்தாள்.

செல்வராஜ் வெளியே போனதும் அழ ஆரம்பித்தாள். துணியில் குறி போடுகிற சாக் தினமும் காணாமல் போகிறதாம். எடுத்தது அவள்தான் என்று செல்வராஜ் கண்டுபிடித்துத் திட்டினாராம். சனிக்கிழமை சம்பளத்தோடு வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்களாம். “அத வச்சு என்ன கண்ணு பண்ணுனே?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“தின்னுட்டேன்க்கா. அந்த வாசம் வந்தா வாயி சும்மா இருக்க மாட்டேங்கு. இதச் சொல்லிக் கேவலப்படுறதுக்குக் களவாணின்னே இருந்துட்டுப் போறேன்.”

குற்றவாளி

அன்று ஸ்லைடில் கண்ணை வைத்தால், கொக்கிப்புழு முட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஸ்டெல்லாவைச் சம்மதிக்கவைத்து, சாக் விஷயத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் செல்வராஜைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். அவள் குடியிருக்கிற, வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டதால் எல்லோரும் வெறுங்காலோடு முள்ளுக்காட்டுக்குத்தான் போகிறார்கள். புழு காலில் ஏறி, குடலில் தங்கி, ரத்தத்தைக் குடிக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு மண்ணும் சாக்கும் தின்னத் தோன்றும் என்று விளக்கினார். செல்வராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“அப்ப சாக்கத் திருடுனது அந்தப் புழுவுங்க. நாந்தான் புள்ளயப் போட்டுப் பேசீட்டனுங்க.”

ஒரு பீஸ்

அந்த லைன் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொல்லி, டப்பாக்களைச் செல்வராஜிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஒரே ஒரு டப்பாவோடு வந்து நின்றார். இருப்பதிலேயே திடகாத்திரமான ஆளுடையதாம், நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாராம். மற்றவர்களுடையது எங்கே என்றால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஒரு பீஸ் ஓக்கேன்னா மொத்தச் சரக்கு லாட்டும் பாஸுங்களே, ஏனுங்க, உங்க தொழில்ல அப்படி இல்லீங்களா?”

சாவி

மாத்திரை சாப்பிட்டு, ரப்பர் செருப்பும் வாங்கிப் போட்டு, சில மாதம் கழித்து ஸ்டெல்லா மறுபடி ரத்தம் கொடுக்க வந்தாள். முகத்தில் நிறம் ஏறியிருந்தது. வேலை போகவில்லை. சாக் ஆசை என்ன ஆச்சு என்று மெல்லக் கேட்டேன். சுடிதார் துப்பட்டாவின் முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் முன்னால் ஆட்டிக் காட்டினாள்.

“சாக் டப்பாவப் பூட்டி, சாவிய சூப்பர்வைசர் எங்கிட்டதான் குடுத்திருக்காருக்கா!”

வாழ்நாளெல்லாம் ஊரார் டப்பாவைத் திறந்து பார்த்தே பிழைத்தவள் நான். ஒரு டப்பா பத்திரமாகப் பூட்டிக்கிடக்கிறது என்று கேட்டுக் கண் கலங்கியது அன்றைக்கு மட்டும்தான்.