நாற்றங்காலில் நீல வெளிச்சம்

எங்க அண்ணன் விவசாயி. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அந்த வருஷம் கார் சாகுபடிக்கு அவன் பாவிய நாற்றங்காலை மயில்கள் வந்து ஒரே வாரத்தில் துடைத்து எடுத்துவிட்டன. முளைகட்டிய நெல்லைக் கொத்தித் தின்றது பாதி, மிதித்துச் சேறாக்கியது பாதி. மறுபடியும் பாவினான். இதுவும் போனால் அந்தப் பருவமே தரிசுதான். வாய்க்கால் தண்ணீர் அவனுக்காகக் காத்திருக்காது. மயிலை அடிக்கவும் முடியாது. சட்டமும் விடாது, எங்க அம்மையும் விடமாட்டாள், முருகன் ஏறுகிற வாகனமாச்சே. வெடி போட்டால் நாலு நாள் பயப்படும். ஐந்தாம் நாள் வெடிக்கு முன்னாலேயே வந்து நிற்கும்.

வெளிச்சத்தால் விரட்டலாம் என்று நான்தான் சொன்னேன். யார் என்னைக் கேட்டார்கள்? வாய் சும்மா இருக்கவில்லை. "அடிக்காம கொள்ளாம பூப்போல வெரட்டிரலாம்ணே" என்றேன். வகுப்பில் வைத்திருந்த சின்ன லேசர் காலை வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளியில் செத்துக் கிடந்த புரொஜெக்டர் ஒன்றைத் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த நீல லேசர் டயோடைக் கழற்றிப் பழைய அலுமினிய டார்ச்சுக்குள் பொருத்தினேன். சுவரில் அடித்ததும் நானே பயந்துபோனேன். கண்ணில் நேரே பட்டால் பார்வை போய்விடும் என்று எனக்கும் அண்ணனுக்கும் அதற்கென்றே விற்கிற காப்புக் கண்ணாடி வாங்கினேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

ஆனால் இரண்டு நிமிஷத்தில் டார்ச் சுட்டது, வெளிச்சம் மங்கியது. கம்ப்யூட்டரில் இருக்கிற குட்டி விசிறியைப் பின்னால் வைத்தேன். போதவில்லை. கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் சில்லிட்டு மறுபக்கம் சுடுகிற சின்னத் தகடு ஒன்று உண்டு, பெல்டியர் என்பார்கள். அதை டயோடுக்கும் விசிறிக்கும் நடுவில் வைத்தேன். டயோடு ஜில்லென்று ஆனது. வெளிச்சமோ முன்னைவிட மங்கல்! இன்னும் குளிரவைத்தேன், இன்னும் மங்கல். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. டயோடில் சூடு குறைந்தால் பிரகாசம் கூடும் என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான். வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், சாப்பிடக் கூப்பிட்ட அம்மையிடம் வள்ளென்று விழுந்தேன்.

நான் அலுத்துப்போய் அணைத்து வைத்தபோது அண்ணன் வந்து டார்ச்சின் மூக்கை எட்டிப் பார்த்தான். "ஏட்டி, கண்ணாடி வேத்துக் கெடக்குல்லா!" என்று துண்டால் துடைத்தான். மறுபடி போட்டால் பளீரென்று வருகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே நனைவதுபோல, எங்க ஆற்றங்கரை ஊர் ஈரமெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் படிந்திருக்கிறது. "எம்எஸ்சி படிச்ச பிள்ளைல்லா" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். மானம் போயிற்று. குளிர்ச்சியைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், சரியாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு வாரம், விடிந்ததும் வரப்பில் நின்று அடிப்பேன், பிறகு பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போவேன். நீலப் புள்ளி சேற்றில் ஓடி வருவதைப் பார்த்ததும் மயில்கள் பதறிப் பறந்தன. முளை பச்சை காட்டத் தொடங்கியது. அண்ணன் முகத்தில் சிரிப்பு. எனக்குத் தலைக்கனம் வந்தது, மறைப்பானேன். தரையில் மட்டும்தான் அடிக்க வேண்டும் என்பது நானே வைத்த சட்டம். அவசரத்தில் ஒன்றிரண்டு தடவை புள்ளி மேலே ஏறியிருக்கும். கழுத்து வரைக்கும்தான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒரு காலையில் ஒரு ஆண் மயில் மட்டும் நகரவில்லை. காலடியில் அடித்தேன், நெஞ்சில் அடித்தேன். அசையவே இல்லை.

"அதுக்குப் பழகிப்போச்சுட்டி. இன்னும் கொஞ்சம் பவரைக் கூட்டு" என்றான் அண்ணன்.

பழகியிருக்கலாம். வெடிக்குப் பழகவில்லையா? அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பவரைக் கூட்டவில்லை.

லேசரையும் விசிறியையும் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, டார்ச்சோடு சேற்றில் பைய இறங்கினேன். பத்தடி, ஐந்தடி. மனுஷி இவ்வளவு கிட்டே வந்தும் அது ஓடவில்லை. விசிறியை மட்டும் ஓடவிட்டேன். சத்தம் வந்த பக்கம் சட்டென்று தலையைத் திருப்பியது. நிறுத்திவிட்டு, அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். ஒன்றுமே இல்லை.

நோயாக இருக்கலாம். கிழடாக இருக்கலாம். மயிலுக்குக் கண்ணில் வேறு ஏதாவது வருமோ என்னவோ. நான் செய்ததா, இல்லையா? யாரைப் போய்க் கேட்பது? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அது குனிந்து கொத்தியது. முளை ஒரு சாண் தள்ளி இருந்தது. மறுபடி கொத்தியது, அலகில் வெறும் சேறு.

"வெரட்டிட்டியாட்டி?" என்று அண்ணன் வரப்பிலிருந்து கத்தினான். அந்தச் சத்தத்துக்கு அது வெடவெடத்துக் குறுகியது.

நான் குனிந்தேன். அவன் பாவிய நெல்லைச் சேற்றோடு ஒரு பிடி அள்ளி, அதன் அலகுக்குக் கீழே வைத்தேன்.