வெளியே அப்பா, உள்ளே டோக்கன்

கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகள் போன வாரம் போன் செய்தாள். "அம்மா, ஸ்ட்ரைக். எல்லாரும் கேட்டுக்கு வெளியே உக்காந்திருக்கோம். பயப்படாத." யாரைப் பற்றியும் எதையும் சத்தமாகச் சொல்லிவிடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. பம்மலில் அப்பா வேலை செய்த தோல் தொழிற்சாலையைக் கதவடைப்பு செய்து இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இனிப் போராட்டத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் வேலை என்றது நிர்வாகம். ஒருவரும் போடக்கூடாது என்றது சங்கம். அப்பா சங்கத்தின் கமிட்டியில் இருந்தார்.

வேலை இல்லாவிட்டாலும் தினமும் காலையில் காக்கிச் சட்டை போட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிவிடுவார். 'ஆளே வரவில்லை' என்று நிர்வாகம் பின்னால் சொல்லிவிடக்கூடாதாம். அதற்காக ஏழரைக்குச் சங்கு ஊதும்போது எல்லோரும் பூட்டிய கேட்டின் முன் வரிசையாக நிற்பார்கள். ஒரு நோட்டில் பெயர் எழுதிவிட்டு, சாயங்காலம்வரை கீற்றுப் பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வாட்ச்மேன் ஒருவரைத் தவிர ஆள் கிடையாது. புகைபோக்கியில் புகை இல்லை. அந்தத் தெருவை விட்டு என்றைக்கும் போகாத தோல் நாற்றம்கூடப் போயிருந்தது. சங்கு மட்டும் நேரம் தவறாமல் ஊதியது. அது யாரைக் கூப்பிடுகிறது என்று நினைத்தாலே எனக்கு முதுகு சில்லிடும்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் அப்பாவோடு போவேன். தகரக் கேட்டில் என் கண் உயரத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதில் பார்த்தால் நேர் எதிரே இரண்டு டோக்கன் பலகைகள். டோக்கன் என்பது ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை. வேலைக்கு வருகிறவர் தன்னுடையதை 'வெளியே' என்ற பலகையிலிருந்து எடுத்து 'உள்ளே' என்ற பலகையில் மாட்டவேண்டும். இப்போது எல்லாமே 'வெளியே'யில் தொங்கின.

"இன்னா பாப்பா, உள்ள சினிமா ஓடுதா?" என்பார் பந்தலில் ஒருவர். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை 'உள்ளே' பலகையில் ஒரு வில்லை தொங்கியது. மறுநாள் மூன்று. கேட்டின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"வாட்ச்மேன் துடைச்சு மாத்தி மாட்டியிருப்பாரு கண்ணு."

வியாழக்கிழமை நான்காவதாக 217 தொங்கியது. அப்பாவின் எண். திரும்பிப் பார்த்தேன். அப்பா பந்தலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் உள்ளே போனது யார்? அப்பாவைப் போலவே இன்னொருவரா?

"அப்பா உள்ள இருக்காரு! எங்கப்பா டோக்கன் உள்ள தொங்குது!" என்று அலறினேன்.

சினிமா ஓடுதா என்று கேட்பவர் எழுந்து வந்தார். குனிந்து ஓட்டையில் கண் வைத்தார். நிமிர்ந்தவர் அப்பாவை எப்போதும்போல அண்ணா என்று கூப்பிடவில்லை.

"எப்போ போட்ட கையெழுத்து?"

"நான் போடலப்பா."

"அப்போ டோக்கன் தானா நடந்துகினு போச்சா?"

அப்பா நிஜமாகவே கையெழுத்துப் போடவில்லை. மற்ற மூவரும் போடவில்லை. நான்கு பேருமே கமிட்டிக்காரர்கள். வருகைப் பதிவு செய்யும் டைம் ஆபீசுக்குள் இருந்த பலகைகளைக் கேட்டுக்கு நேரே கொண்டுவந்து வைத்து, ஒன்றிரண்டாக வில்லைகளை மாற்றி மாட்டச் சொன்னவர் நிர்வாகத்தின் பர்சனல் ஆபீசர். பல வருஷம் கழித்து அந்த வாட்ச்மேனே வந்து அப்பாவிடம் சொல்லி அழுதார். பார்க்க ஒரு கண், சொல்ல ஒரு வாய், அவ்வளவுதான் நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது. சனிக்கிழமைக்குள் தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல், ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போய்விட்டார்கள். அந்த நான்கு பேர் மட்டும் கடைசிவரை போகவில்லை.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும்போது, தினமும் எங்களோடு பேசிக்கொண்டே வருகிறவர்கள் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள். அவர்களுக்கும் என்னைப் போலவே அப்பாவைப் பார்த்துப் பயம் என்று நினைத்தேன். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். கை சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கால் தரையில் படுகிறதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன்.